ஊடகமும் சமாதானமும்: இந்தக் கேள்விக்கு நான் படித்த விதம்

சமாதானத்தைக் கட்டியெழுப்புவதிலும் முரண்பாட்டு நிலைமாற்றத்திலும், அதாவது பகைக்குக் காரணமான உறவுகளையும் நிலைமைகளையும் மாற்றுவதிலும், வெகுசன ஊடகங்களின் பங்கு என்ன? தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பலரும் நன்மைகள் ஒரு பக்கம், தீமைகள் ஒரு பக்கம் என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எந்த நாட்டுக்கும் பொருந்துகிற அந்த விடை எதையும் விளக்காது. நான் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் படித்தேன்.

1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற ஹுட்டு தீவிரவாதிகளின் வானொலி, அங்கே சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று சொல்லிச் சொல்லியே கேட்பவர்களைப் பழக்கியது. துட்சிகள் பெருந்திரளாகக் கொல்லப்பட்ட 1994 இனப்படுகொலையின்போது, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களைக்கூட ஒலிபரப்பியது. அதன் நிறுவனர்களில் இருவருக்கு 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டனை விதித்தது. இவ்வளவும் எல்லா விடைத்தாள்களிலும் இருக்கும்.

அப்புறம் நடந்ததைப் படியுங்கள். 2004இல் அதே நாட்டு வானொலியில் ‘முசெகெவேயா’ என்ற தொடர்நாடகம் தொடங்கியது. பகை மூண்ட இரண்டு கற்பனைக் கிராமங்கள், எல்லை தாண்டிய ஒரு காதல். எலிசபெத் லெவி பலக் என்ற உளவியல் ஆய்வாளர் இதை ஓராண்டு ஆராய்ந்தார். சில ஊர்களுக்கு இந்த நாடகம், மற்றவற்றுக்கு உடல்நலம் பற்றிய நாடகம். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் ‘நம் ஊரில் எப்படி நடந்துகொள்வது சரி’ என்ற எண்ணம் மாறியது. முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒலிநாடாக்களைக் கேட்கும் ஒரு பெட்டி பரிசாகக் கிடைத்தது. உடல்நல நாடகம் கேட்டவர்கள் அதை உள்ளூர்த் தலைவரிடம் கொடுத்துவிடலாம் என்றார்கள். முசெகெவேயா கேட்டவர்களோ வாதாடி, எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

சரி, இதை விடையில் எங்கே வைப்பது? சமாதான ஆய்வாளர் யொஹான் கல்டுங் முரண்பாட்டை விளக்க வரைந்த முக்கோணத்தில் வையுங்கள். மனப்பாங்கு, நடத்தை, அடிப்படை முரண் என்ற மூன்று முனைகளில் நாடகம் முதலில் அசைத்தது நடத்தையை. மனப்பாங்கு மாறினால்தான் நடத்தை மாறும் என்று நாம் வழக்கமாக எழுதுவதை இது அப்படியே கேள்விக்குள்ளாக்குகிறது. எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சமாதான ஊடகவியலுக்கு, அதாவது பகையை மூட்டாமல் தீர்வுகளைத் தேடும் செய்தியிடலுக்கு, ஒரு பத்தி போதும். கேள்வியில் ‘விமர்சன ரீதியாக’ என்று இருந்தால் மூன்றாவது முனையான அடிப்படை முரணுக்கு வாருங்கள். நிலப் பங்கீட்டையும் அதிகாரப் பங்கீட்டையும் எந்த வானொலியும் தானாக மாற்றிவிடாது. அதற்கு அரசியல் உடன்பாடு வேண்டும். அந்த உடன்பாட்டை மக்கள் ஏற்கிற சூழலை உருவாக்குவதுதான் ஊடகத்தின் வேலை என்று எழுதுங்கள்.