சமையல் மேடைக்கு 18 மி.மீ. கருப்பு கிரானைட்: அளவெடுப்பிலிருந்து சிலிக்கான் வரை

எல் வடிவ மேடை. நீளப் பக்கம் 9 அடி 3 அங்குலம், குட்டைப் பக்கம் மூலையிலிருந்து 5 அடி. அடியில் செங்கல் கால்கள் மேல் இரண்டரை அங்குல கான்கிரீட், 6 அங்குலத்துக்கு ஒரு 8 மி.மீ. கம்பி. பத்து நாள் தண்ணீர் கட்டி முடிந்தது. இனி கல் வேலை.

நாள் 1: அளவு

மேடை உயரத்தை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். சமைப்பவர் நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்து, அதில் நான்கு, நான்கரை அங்குலம் கழித்தால் மேடை உயரம். இங்கே 33 அங்குலம் வந்தது. கல் 18 மி.மீ., கலவை 20 மி.மீ., இரண்டும் சேர்ந்து ஒன்றரை அங்குலம். ஆக, கான்கிரீட்டின் மேல்மட்டம் 31½ அங்குலத்தில் நிற்க வேண்டும். அதுவும் டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து. டைல்ஸுக்கு முன்பே வெறுந்தரையிலிருந்து அளந்துவிட்டால், பின்னால் வரும் டைல்ஸும் அதன் கலவையும் இரண்டு அங்குலத்தைத் தின்றுவிடும். குனிந்தபடி வெங்காயம் நறுக்க வைக்கும் மேடைகளில் பாதி இப்படி வந்தவைதான்.

டியூப் லெவல் (நீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்தபோது இடது ஓரம் 6 மி.மீ. தாழ்வு. அதைக் கலவை ஏற்றுக்கொள்ளும். 12 மி.மீ.-க்கு மேல் போனால் கான்கிரீட்டைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் தடித்த கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கும், கல்லுக்கு அடியில் அந்தப் பக்கம் வெற்றிடம் விழுந்துவிடும்.

மூலையில் ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்துக் குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். இங்கே அரை அங்குலம் கூடுதல். அதாவது மூலை 91 டிகிரி. அற்ப விஷயம்போலத் தெரியும், ஆனால் 25 அங்குல அகலக் கல்லில் அது 11 மி.மீ. பிளவு. இரண்டு கல்லும் சேருமிடத்தில் அந்தப் பிளவை எந்தப் பசையும் மறைக்காது. அட்டைப்பெட்டியைப் பட்டையாக வெட்டி ஒட்டி, இரு பக்கத்துக்கும் மாதிரி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோவதே வழி. நோட்டில் எழுதிய அளவு மட்டும் போதாது.

நாள் 2: கல் தேர்வு

நல்ல கருப்பு வேண்டுமென்றால் விழுப்புரம் பக்கத்துக் குன்னம் பிளாக் இருக்கிறது. பொன்துகள் மின்ன வேண்டுமென்றால் ஆந்திராவின் சீமகுர்த்தியில் எடுக்கும் பிளாக் கேலக்ஸி. (காஷ்மீர் ஒயிட் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது மதுரைப் பக்கத்துக் கல். நீரை உறிஞ்சி மஞ்சளிக்கும் குணம் உண்டு, சிங்க் பக்கம் போட யோசிக்க வேண்டும்.)

சாம்பல் கல்லுக்குச் சாயமோ எண்ணெயோ ஏற்றிக் கருப்பாக விற்பதும் நடக்கிறது. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துப் பின்பக்கத்திலும் அறுத்த ஓரத்திலும் அழுத்தித் தேய்த்தால் துணியில் கருமை ஏறும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதைச் செய்துவிட வேண்டும். ஒரு மூடி எலுமிச்சையைக் கல்மேல் கால் மணி நேரம் கவிழ்த்து வைத்து, துடைத்த பின் மங்கல் வட்டம் விழுந்தால் அந்தக் கல்லும் வேண்டாம்.

முன்பக்கம் ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டு, வாங்கியது 25 சதுர அடிக்குச் சற்று மேல். கருப்புக் கல் இந்தத் தடிமனில் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. நீளத்துண்டு மட்டும் சுமார் 95 கிலோ. ஓர அரைவட்டமும் பாலீஷும் கடையிலேயே முடித்தாயிற்று. அடிப்பக்கத்தில், முன் ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே, 4 மி.மீ. ஆழத்தில் ஒரு காடி (நீளப் பள்ளக் கோடு) இழுக்கச் சொல்ல வேண்டும். உருண்டை ஓரத்தில் வழியும் நீர் கல்லின் அடியைப் பற்றியே ஊர்ந்துபோய் அலமாரிக் கதவை நனைக்கும்; காடி வந்ததும் சொட்டி விழுந்துவிடும்.

நாள் 3: சிங்க் ஓட்டை

கல் உடைவது பெரும்பாலும் இங்கேதான். சிங்க் 24 × 18 அங்குலம். ஓட்டைக்கு முன்னால் மூன்று அங்குலம், பின்னால் நான்கு அங்குலம். இந்த இரு பட்டைகள்தான் மொத்தக் கல்லையும் பிடித்திருக்கின்றன.

அறுக்கும் மெஷினின் 110 மி.மீ. வட்டு 18 மி.மீ. கல்லை அடிவரை அறுக்கும் இடத்தில், மேற்பரப்பில் வெட்டு அதற்கு 4 செ.மீ. முன்னால் ஓடியிருக்கும். வட்டு உருண்டை அல்லவா. ஆகவே மூலையில் அடிவரை அறுந்தே தீர வேண்டும் என்று தள்ளினால், கோட்டைத் தாண்டி மேலே ஒரு கீறல் விழும். அந்தக் கீறல்தான் ஆறு மாதம் கழித்து முன் ஓரம் வரை விரிசலாக ஓடுகிறது.

செய்தது இது: முதலில் நான்கு மூலையிலும் 25 மி.மீ. கோர் பிட்டால் (வட்டமாக அறுக்கும் குழல் பிட்) துளை. பிறகு மேலிருந்து மூன்று தடவையாக, தடவைக்கு 6 மி.மீ. ஆழம், தண்ணீர் விட்டபடி அறுத்து, மேல்வெட்டு துளையைத் தொட்டதும் நிறுத்தம். கல்லைத் திருப்பி அடிப்பக்கத்திலிருந்தும் அதே அளவு. துளையருகே நடுவில் மிஞ்சும் சிறு பாலத்தைத் தேய்த்தே எடுக்க வேண்டும், சுத்தியல் கூடாது. அறுபடும் நடுத்துண்டுக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுக்காவிட்டால், கடைசி அங்குலத்தில் அது தன் எடையால் தொங்கி மூலையைப் பெயர்க்கும். குழாய்க்கு 35 மி.மீ. துளை.

எல்லாம் வெளி வாசலில், முகமூடியோடு. கல் தூசி நுரையீரலில் தங்கும் சிலிக்கா. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடம் என்பதால் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைன்.

சிங்க்கைக் கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் நடுவே செருகிவிடும் பழைய முறை வேண்டாம். கான்கிரீட் ஓட்டையைச் சிங்க்கின் வெளி அளவைவிடச் சுற்றிலும் ஒரு அங்குலம் பெரிதாக விட்டு, கீழிருந்து ஆங்கிள் தாங்கியில் நிறுத்தினால், பின்னாளில் கல்லைத் தூக்காமல் சிங்க் மாற்றலாம்.

நாள் 4: பதித்தல்

கலவை 1:4, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல். 25 கிலோ சிமென்ட்டும் இரண்டு கன அடி எம் சாண்டும் (கல் உடைத்துச் செய்யும் மணல்) போதும். அந்தச் சிமென்ட்டில் 5 கிலோ, தண்ணீரில் கரைக்கும் சிமென்ட் பாலுக்கு. கான்கிரீட்டை நனைத்து, கலவையை ஈரமண் பதத்தில் முழுப் பரப்பிலும் விரிக்க வேண்டும். ஐந்தாறு இடத்தில் உருண்டை வைத்துக் கல்லை அமுக்கும் அவசர வேலையில் இடையெல்லாம் வெற்றிடம். மேலே தேங்காய் உடைப்பதும் இடிகல்லில் இஞ்சி தட்டுவதும் அந்த வெற்றிடத்தின் மேல்தான் நடக்கும்.

நான்கு பேர். சிங்க் ஓட்டை உள்ள கல்லைப் படுக்கையாகத் தூக்கவே கூடாது. செங்குத்தாக, முன்னும் பின்னும் மரச்சட்டம் வைத்துக் கிளாம்ப் இறுக்கித்தான். ஒருமுறை இறக்கி, தூக்கி, அடியில் கலவை படாத இடங்களைப் பார்த்து நிரப்பி, சிமென்ட் பால் ஊற்றி மறுபடி இறக்கியது. ரப்பர் சுத்தியால் தட்டும்போது இடது ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு ‘டொக்’ என்றது. திரும்பத் தூக்கினால் அந்த 6 மி.மீ. தாழ்வில் கலவை குறைவு. நிரப்பியதும் சத்தம் கெட்டியானது.

சாய்வு சிங்க்கை நோக்கி இரண்டடிக்கு 3 மி.மீ.; முன் ஓரம் பின்னைவிட 2 மி.மீ. உயரம். அதற்கு மேல் சாய்த்தால் அடுப்பில் தோசைக்கல் எண்ணெய் ஒரு பக்கமே ஓடும். இணைப்பு மூலையில் நேர்வெட்டாக, சிங்க்கிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. அதில் கருப்பு நிறம் கலந்த எபாக்ஸி பசை.

நாள் 7

மூன்று நாள் எடை ஏற்றவில்லை. சுவர் டைல்ஸ் கல்லின் மேல் உட்காரும்படி, 3 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டியாயிற்று. அந்த இடைவெளியில் வெள்ளைச் சிமென்ட் பூசினால் சில மாதத்தில் வெடிக்கும், பிறகு கரப்பான் குடித்தனம். நியூட்ரல் (அமிலம் விடாத) சிலிக்கான் பசைதான், வினிகர் வாடை வரும் மலிவு வகை கல்லுக்கு ஆகாது.

ஒரு குடம் நீரை மேடையில் ஊற்றிப் பார்த்ததில் சிங்க் பக்கம் சரியாக ஓடியது. மூலை இணைப்பருகே உள்ளங்கை அளவுக்கு மட்டும் நீர் தேங்குகிறது. துடைத்துக்கொள்ளலாம்.