மணி அடிக்காத விடுதி

2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1142 வாங்கினேன். நாமக்கல் பக்கம், விடுதியோடு சேர்ந்த பள்ளி. காலை நாலரைக்கு மணி அடிக்கும். குளிக்க, சாப்பிட, படிக்க, தூங்க எல்லாவற்றுக்கும் ஒரு மணி உண்டு. எந்தப் பாடத்தை எந்த நாளில் திருப்பிப் படிக்க வேண்டும் என்பதைக்கூட ஆசிரியர்களே எழுதி ஒட்டிவிடுவார்கள். அந்த இரண்டு வருடங்களில் நானாக முடிவு செய்தது என்று ஒன்றுகூட நினைவில் இல்லை.

பொறியியல் கல்லூரி விடுதியில் மணி அடிக்கவில்லை. முதல் செமஸ்டரிலேயே கணிதத்தில் அரியர் விழுந்தது. பிளஸ் டூ கணிதத்தில் 196 எடுத்தவள் நான். போனில் சொன்னபோது அப்பா திட்டவில்லை. சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். படிக்க உட்காரும் நேரம், எழுந்திருக்கும் நேரம், இவ்விரண்டை மட்டும் குறித்தேன். முதல் நாள் ஏழிலிருந்து பத்து வரை படித்ததாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கூட்டிப் பார்த்தால் 48 நிமிடம். மீதியெல்லாம் போன், தண்ணீர் பிடிக்கப் போனது, பக்கத்து அறைப் பேச்சு. யாரும் கேட்கப்போவதில்லை, நிமிடங்களை அதிகமாக்கி எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யாததில் இன்றும் எனக்கு மனநிறைவு உண்டு.

அதே நோட்டில் ஒரு பக்கத்தில் 'எனக்குக் கணக்கு வராது' என்று எழுதியிருக்கிறேன். சில நாள் கழித்து அதை அடித்துவிட்டு, 'இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்றும்போது எல்லைகளைத் தவறாகப் போடுகிறேன்' என்று எழுதினேன். அப்படி எழுதியதும் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. இரட்டைத் தொகையீடு என்பது ஒரு பரப்பு முழுவதும் கூட்டிச் சேர்க்கும் கணக்கு. முதலில் அந்தப் பரப்பை வரைய வேண்டும். கோடு எந்த வளைவில் நுழைந்து எதில் வெளியேறுகிறது என்று பென்சிலால் ஓர் அம்புக்குறி போட வேண்டும். அதன் பிறகுதான் எல்லைகள். இருபது கணக்குகளுக்குள் அந்தத் தவறு நின்றுவிட்டது. அடுத்த தேர்வில் அரியரும் போனது.

இதற்கு ஒரு பெயர் இருப்பது எம்.இ. படிக்கும்போதுதான் தெரிந்தது. சார்லஸ் மான்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் 1986-இல் 'தன்னைத் தானே வழிநடத்துதல்' பற்றி ஒரு கோட்பாட்டுக் கட்டுரை எழுதினார். தன் நடத்தையைத் தானே கவனிப்பது, வேலைக்குள்ளேயே ஒரு சுவையைத் தேடிக்கொள்வது, மனத்துக்குள் ஓடும் பேச்சைத் திருத்துவது என்று இத்துறையினர் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவதும் மூன்றாவதும் என் நோட்டில் இருந்தன. இரண்டாவது, அந்த அம்புக்குறி சரியான இடத்தில் போய் முட்டும்போது வந்த சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன். இருபது மாணவர்களுக்கு மென்ட்டர், அதாவது வழிகாட்டி. ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அரங்கில் உட்கார வைத்துத் தலைமைப் பண்புக்கு உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால், பிள்ளையிடம் பேசுவதற்கு முன்பே பெற்றோருக்குப் போன் செய்கிறோம். ஓட்டுப் போடும் வயது வந்தவர்களை இப்படி நடத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. நாமும் மணியைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

என் இருபது பேரிடமும் நோட்டு வாங்கச் சொன்னேன். நான் பார்க்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

போன வியாழக்கிழமை லேப் வாசலில் ஒரு மாணவி நின்றிருந்தாள். "நேற்று 31 நிமிடம், மேடம்" என்றாள். அது அதிகமா குறைவா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "முந்தின நாள் 12."