லஹின்ச் லிங்க்ஸ்ல பந்தை தரையோட ஆடப் பழகிட்டு இருக்கேன்: இதுவரைக்கும் கைவந்தது

அயர்லாந்துல லிமெரிக் பக்கம் வேலைக்கு வந்ததுல இருந்து கோல்ஃப் ஆடறேன், ஆனா பழகுனதெல்லாம் மரம் சூழ்ந்த உள்நாட்டு மைதானத்துல. அங்க தரை ஈரமா மெத்துனு இருக்கும், பந்தை நல்லா உயரத் தூக்கி கிரீன்ல (குழியைச் சுத்தி இருக்கற, ஒட்ட வெட்டின புல்தரை) இறக்குனா விழுந்த இடத்துலயே நின்னுடும், அதுதான் ஆட்டம்னு நினைச்சுட்டு இருந்தேன். கிளேர் கவுண்டில அட்லாண்டிக் ஓரமா மணல்மேடுகளுக்கு நடுவுல இருக்கற லஹின்ச் லிங்க்ஸுக்கு (கடலோர மணல் பூமில அமைஞ்ச கோல்ஃப் மைதானம்) போக ஆரம்பிச்ச பிறகுதான் பந்து தரைல பட்ட பிறகும் பாதி ஆட்டம் மிச்சம் இருக்குன்னு புரிஞ்சுது.

அந்த கிளப் 1892ல ஆரம்பிச்சது. 1894ல ஸ்காட்லாந்துல இருந்து கோல்ஃப் வீரர் ஓல்டு டாம் மாரிஸ் வந்து ஹோல்களை (முதல் அடி அடிக்கற இடத்துல இருந்து குழி வரைக்கும் உள்ள பகுதி) அமைச்சு கொடுத்தார், அப்புறம் 1927ல அலிஸ்டர் மெக்கன்சி வந்து பெரிய அளவுல மாத்தி அமைச்சார், அதாவது பின்னாடி கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸோட சேர்ந்து அமெரிக்காவுல இருக்கற அகஸ்டா நேஷனல் மைதானத்தை வடிவமைச்ச அதே மெக்கன்சி. 2026 வாக்கர் கப் அமெச்சூர் போட்டிக்கும் இந்த மைதானத்தைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. இதே கிளப்புக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் காசில் கோர்ஸ்னு ரெண்டாவது மைதானம் ஒண்ணு இருக்கு, சமதரை, மேடு பள்ளம் கம்மி, கட்டணமும் கம்மி. நான் முதல்ல அங்கதான் ஆடிப் பழகுனேன், ஏன்னா காத்தும் தரையும் அங்கயும் அதேதான்.

காத்துல இருந்து ஆரம்பிக்கறேன். எதிர்காத்து வந்தா எல்லாருக்கும் கை தானா இன்னும் ஓங்கி அடிக்கத்தான் போகும். ஓங்கி அடிச்சா பந்துக்கு பின்சுழற்சி கூடும், எதிர்காத்துல அந்த சுழற்சி பந்தை மேல மேல தூக்கும், ஏறி ஏறி ஒரு இடத்துல முன்னால போற வேகமே இல்லாம நேரா கீழ விழுந்துடும். அதனால 7 அயர்ன் தூரத்துக்கு 5 அயர்ன் எடுத்து (அயர்ன்னா இரும்பு மட்டை, எண் குறைய குறைய பந்து தாழ்வா, தூரமா போகும்), கிரிப்பை ரெண்டு விரல் கீழ இறக்கிப் பிடிச்சு, பந்தை வலது கால் பக்கமா கொஞ்சம் தள்ளி வச்சு, முக்கால் ஸ்விங்ல மெதுவா அடிச்சு கையை இடுப்பு உயரத்துலயே நிறுத்திடணும். படிக்கறப்ப சுலபமா இருக்கும், ஆனா மெதுவா அடிக்கறதுக்கு மனசு ஒத்துக்கணுமே, அதுக்குத்தான் ரொம்ப நாள் பிடிச்சுது. இப்ப பத்து தடவை அடிச்சா ஏழெட்டு தடவை பந்து தாழ்வா போய் விழுந்து ஓடுது, அந்த ஷாட் சரியா விழறப்ப வர்ற சந்தோஷம் டிரைவர்ல (ரொம்ப தூரம் அடிக்கற மட்டை) கூட வராது!

அடுத்தது தரை. கடலுக்கும் விவசாய நிலத்துக்கும் இடைல இருக்கற மணல் பூமி இது, உழுது விதைக்க தோதுப்படாது, ஆனா தண்ணி நிக்கவே நிக்காது. மழை விட்ட கொஞ்ச நேரத்துலயே தரை மறுபடி இறுகிடும், ஃபெஸ்க்யூ புல்லு மெல்லிசா ஒட்ட வெட்டியிருப்பாங்க, பந்துக்கு அடியில மெத்தைனு ஒண்ணும் இருக்காது. இங்க அடிப்பாகம் தடிச்ச வெட்ஜை (பந்தை உயரத் தூக்கற மட்டை) எடுத்தா அது தரைல பட்டு துள்ளி பந்தோட வயித்துலயே இடிச்சுடும். அதனால கிரீனுக்கு வெளிய முப்பது யார்டு வரைக்கும் இப்ப 8 அயர்ன்தான், கிரீனுக்கு முன்னாடியே பந்தை தட்டி விட்டு உருட்டிட வேண்டியதுதான். இன்னும் கிட்ட வந்துட்டா பட்டரே (பந்தை உருட்டற மட்டை) போதும், வெளியில இருந்து பட்டர் போட யாரும் கூச்சப்பட வேண்டாம், அங்க வளர்ந்த நல்ல ஆட்டக்காரங்க எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. எங்க சரிவு இருக்கு, எந்த மேட்டுல பட்டா எந்தப் பக்கம் திரும்பும்னு பார்த்து விடறது கேரம்ல கட்டையில பட்டு திரும்பற காய்க்கு கணக்கு போடற மாதிரிதான், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

இதெல்லாம் ஓரளவு கைவந்த பிறகுதான் ஓல்டு கோர்ஸுக்கு, அதாவது கிளப்போட முதல் மைதானத்துக்கு, புக் பண்ணேன். அங்க நாலாவது ஹோல் கிளாண்டைக், சுமார் 475 யார்டு, பார் 5, அதாவது அஞ்சு அடியில முடிக்கணும்னு கணக்கு. ரெண்டு பக்கமும் மணல்மேடு, நடுவுல குறுகலான பள்ளத்தாக்கு மாதிரி ஃபேர்வே (பந்தை அடிச்சு போற புல்வழி), அது முடியற இடத்துல ஒரு பெரிய மேடு குறுக்க நிக்கும், ரெண்டாவது ஷாட்டை அதுக்கு மேல அடிக்கணும், அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே தெரியாது. அங்க 18வது ஹோலோட ஃபேர்வே குறுக்க போகுது, அதனால மேட்டு மேல ஒருத்தர் நின்னு அந்தப் பக்கம் ஆள் இல்லைன்னு பார்த்து சைகை காட்டுவார், அப்புறம்தான் அடிக்கணும்.

அஞ்சாவது டெல். பார் 3, வெறும் 154 யார்டு, ஆனா டீயில (முதல் அடி அடிக்கற இடம்) நின்னா கிரீன் துளி கூட தெரியாது, ஏன்னா அது ரெண்டு மணல்மேட்டுக்கு நடுவுல ஒளிஞ்சு கிடக்கு. முன்னாடி இருக்கற மேட்டுல ஒரு வெள்ளைக் கல்லு வச்சிருப்பாங்க, அன்னிக்கு குழி எங்க வெட்டியிருக்கோ அந்த நேருக்கு கல்லையும் நகர்த்தி வைப்பாங்க, திசைக்கு அது ஒண்ணுதான் துணை. ஆனா இங்க திசையை விட தூரம்தான் முக்கியம்னு நினைக்கிறேன். கிரீன் குறுக்குவாட்டுல நீளமா, முன்ன பின்ன ஒடுக்கமா இருக்கு, கொஞ்சம் கம்மியா போனாலும் முன்மேட்டுப் புல்லுல மாட்டிக்கும், கொஞ்சம் அதிகமா போனா பின்மேட்டுல பட்டு உருண்டு உள்ள வர வாய்ப்பு இருக்கு. அதனால கல்லுக்கு நேரா ஒரு படி கூடுதலா தூரம் போற மட்டையை எடுத்து அடிச்சேன், மேட்டைச் சுத்தி ஓடிப் போய் பார்த்தா பந்து கிரீன்ல, ரெண்டு பட், பார். பார்க்காம அடிச்ச ஷாட்டுக்கு அப்படி ஓடுனது ஒரு அனுபவம்ங்க.

இப்படி கண்ணை மறைக்கற ஹோலெல்லாம் நியாயமில்ல, அதிர்ஷ்டம்தான்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மெக்கன்சி மாத்தி அமைச்சப்பவும் கிளப்காரங்க இந்த ரெண்டு ஹோலையும் தொடக்கூடாதுன்னு சொல்லி காப்பாத்தினாங்க, அவங்க பண்ணது சரி. 1895ல இருந்து இங்க நடக்கற சவுத் ஆஃப் அயர்லாந்து போட்டில ஜான் பர்க் 11 தடவை ஜெயிச்சிருக்கார், வெறும் அதிர்ஷ்டமா இருந்தா ஒரே ஆள் அத்தனை தடவை ஜெயிக்க முடியுமா? 2019 ஐரிஷ் ஓபன்ல ஸ்பெயின் வீரர் ஜான் ராம் கடைசி நாள் 62 அடியிலயே ஆட்டத்தை முடிச்சது கூட இதே மேடுங்களுக்கு நடுவுலதான்.

அங்க மேயற ஆடுகளைப் பத்தி சொல்லியே ஆகணும், கிளப் சின்னத்துலயே ஆடுதான். அதுங்க மேட்டை விட்டு கிளப் ஹவுஸ் பக்கம் வந்து ஒதுங்குனா மழை நிச்சயம்னு ஊர்ல நம்பிக்கை, கிளப்ல இருந்த பழைய பாரோமீட்டர் கெட்டுப் போனப்ப "ஆடுகளைப் பார்த்துக்கங்க"ன்னு எழுதியே மாட்டினாங்களாம்.

இன்னும் வராதது பக்கக்காத்து. இடப்பக்கம் இருந்து வர்ற காத்துல பந்தை எவ்வளவு தள்ளி குறி வைக்கணும்னு கண்ணுக்கு பிடிபடல, குறி வச்ச பிறகும் தோள் தானா கொடியைப் பார்த்து திரும்பிடுது. அடிப்பாகம் ஒல்லியான வெட்ஜ் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், இறுகின தரைக்கு அது எவ்வளவு தோதுன்னு காசில் கோர்ஸ்லயே வச்சு பார்க்கணும். நம்ம ஆளுங்க யாராவது அந்தப் பக்கம் போறதா இருந்தா முதல் நாள் காசில்ல ஆடிட்டு மறுநாள் ஓல்டு கோர்ஸுக்கு போங்க, மழை கோட்டை மட்டும் எந்த மாசமா இருந்தாலும் பையிலயே வச்சிருங்க.