87-ஐ அழித்த கதை

எங்கள் வீட்டில் ஒரு பொங்கல் போட்டோ இருக்கிறது. 1995-ல், மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய எங்கள் சந்தில் எடுத்தது. செங்கல் அடுப்பு, மஞ்சள் கொத்து கட்டிய பானை, முன்னால் அம்மா போட்ட சிக்குக் கோலம், ஓரத்தில் அரக்குச் சேலையில் ஆச்சி, ஆச்சி இடுப்பில் 91-ல் பிறந்த என் தம்பி. வலது கீழ் மூலையில், ஆரஞ்சு நிறத்தில் '87 1 1.

மாமா கேமராவில் பேட்டரி மாற்றிய பிறகு யாரும் தேதியைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் தம்பி வயதில் எட்டைக் கூட்டிவிடுகிறார்கள். அவனுக்குப் பெண் பார்க்கிற நேரம் வேறு. "அதை எப்படியாவது எடுத்துடுண்ணே" என்றான்.

நாலுக்கு ஆறு அங்குலப் படம். 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்ததில் 3600-க்கு 2400 பிக்சல் வந்தது. ஜேபெக் வேண்டாமென்று டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டேன். ஜேபெக் எழுத்தைச் சுற்றிக் கொசகொசவென்று கறை போட்டுவிடும், அதையும் சேர்த்துத் துடைக்க வேண்டிவரும். மென்பொருள் கிம்ப், காசு கிடையாது.

முதல் நாள் சோம்பேறி வழிதான். நிறத்தை வைத்து எழுத்தைத் தேர்ந்தெடுத்து, சுற்றியிருந்த ஆரஞ்சு மினுக்கமும் உள்ளே வரட்டும் என்று தேர்வை நாலு பிக்சல் விரித்து, கிம்ப்போடு சேர்த்துக்கொள்கிற ரீசிந்தசைசர் என்ற பிளகினில் 'ஹீல் செலக்‌ஷன்' கொடுத்தேன். கால் நிமிடத்தில் எழுத்து போய்விட்டது. சாணி தெளித்த தரை அச்சு அசலாக வந்திருந்தது. பெருமையாக அம்மாவுக்கு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் போன். "ஏல, இழை எங்கல போச்சு?"

பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு இழை வளைந்து வந்து நடுத்தரையில் அப்படியே செத்துக் கிடந்தது. சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளைச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே திரும்ப வேண்டும். பிளகினுக்கு அது எப்படித் தெரியும்? அக்கம்பக்கத்தில் ஒத்துப்போகிற துண்டுகளைத் தேடி ஒட்டுவது மட்டுமே அதன் வேலை. தரைக்கு அது போதும், கோலத்துக்குப் போதாது.

மறுநாள் கோலத்தின் இடது மூலையை நகலெடுத்து, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, வலது மூலையில் வைத்தேன். படம் பக்கவாட்டிலிருந்து எடுத்ததால் வலது பக்கம் பெரிதாகவும் சாய்வாகவும் இருக்கிறது. இழுத்து, சாய்த்து, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட சேலை மாதிரியே இருந்தது. அம்மா தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் புள்ளி வைத்து, அந்த மூலையை மட்டும் வரைந்து, போட்டோ எடுத்து அனுப்பினாள். "ரெண்டு இழை குறுக்கே போவும், வெளிப்புள்ளியச் சுத்தி வரும், பாத்துக்க."

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. இந்தத் தேதி படத்தின் மேல் மை அடித்தது இல்லை. கேமராவுக்குள் இருக்கும் சின்ன விளக்குகள் ஃபிலிமிலேயே பதிக்கிற வெளிச்சம். செம்மஞ்சள் வெளிச்சம் என்பதால் சிவப்பிலும் பச்சையிலும்தான் அதிகம் ஏறும், நீலத்தில் குறைவு. 'டீகம்போஸ்' கொடுத்து சிவப்பு, பச்சை, நீலம் என்று படத்தின் மூன்று நிறச் சேனலையும் தனித்தனியாகப் பிரித்தேன். சிவப்பில் 87 பளீரென்று எரிந்தது. பச்சையில் கொஞ்சம் அடங்கியிருந்தது. நீலத்தில் தேதி கிட்டத்தட்ட இல்லை! அதன் இடத்தில் மங்கலாக ஒரு வெள்ளை வளைவு, வெளிப்புள்ளியைச் சுற்றி. காலண்டர் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா சொன்ன அதே இரண்டு இழை, அதே குறுக்கு.

அப்புறம் வேலை சுலபம். தரை சாம்பல், கோலம் வெள்ளை. இரண்டிலும் நிறம் என்று பெரிதாக இல்லாததால் நீலச் சேனலையே கறுப்பு வெள்ளைப் படமாக மேலே ஒரு லேயராக, அதாவது அடுக்காக வைத்து, அதை மறைக்கிற லேயர் மாஸ்க்கில் எழுத்து இருந்த இடத்தை மட்டும் திறந்துவிட்டேன். பழைய படத்தின் பழுப்புக்குப் பொருந்த, வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்கிற 'கர்வ்ஸ்' கொஞ்சம் நகர்த்தினேன். விளிம்புகளை ஹீல் தூரிகையால் தொட்டுவிட்டால் முடிந்தது. கடைசி 1 மட்டும் ஆச்சியின் சேலைக் கரையில் விழுந்திருந்தது. அரக்கு நிறத்தில் இந்த வித்தை பலிக்காது, குளோன் தூரிகையால் கை வலிக்க வலிக்கத்தான் செய்தேன். கரையில் ஒரு மணி கோணலாக இருக்கிறது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

நடுவில் தெரிந்தவர் ஒருவர், கல்யாண ஸ்டூடியோ அனுப்பிய மாதிரிப் படங்களில் அவர்கள் பெயரை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அது அவர்கள் உழைப்பு, காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65பி பிரிவும் இந்த மாதிரி வேலையைத் தடுக்கத்தான் இருக்கிறது.

படத்தைப் பிரிண்ட் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா விரலால் இழையைத் தொடர்ந்து ஒரு சுற்று சுற்றி வந்து, "ம்" என்றாள். பிறகு பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். அதே ரோலில் இன்னும் பதினொரு படங்கள். முதல் படத்தில் தம்பி வலது மூலையில் உட்கார்ந்து கரும்பு கடிக்கிறான். 87 அவன் கன்னத்தில்.