நாலாவது பாட்டிலில்தான் கிழங்கான் ஒத்துப்போச்சு

மூணு பாட்டில் காசைக் கரியாக்கிய பிறகு, போன ஞாயிறுதான் ஒழுங்காக அமைந்தது. நாசிக் சோவின்யோன் ப்ளாங், அதாவது அந்தப் பெயர்கொண்ட திராட்சையில் செய்த வெள்ளை ஒயின், இனிப்பில்லாத டிரை வகை. கூட கிழங்கான் மீன் வறுவல்.

தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாட்டிலை நம்ம வீட்டுப் புளிக்குழம்போடு வைத்தேன். குழம்பின் காரம் ஒயினில் இருக்கும் ஆல்கஹாலைத் தூண்டிவிட, தொண்டை எரிந்ததுதான் மிச்சம். இரண்டாவதை ஃப்ரீசரில் போட்டு மறந்துவிட்டேன். 3 டிகிரிக்கு இறங்கியிருந்தது. வாசனையே இல்லை, புளித்த ஐஸ் தண்ணி. மூன்றாவது, கடையில் கண்ணாடி ஓரமாக வெயிலில் நின்ற பாட்டில். ஊற்றினால் பழுப்பு நிறம், வேகவைத்த ஆப்பிள் வாடை. கடைக்காரர் மாற்றித்தர மாட்டேன் என்றார். இப்போதெல்லாம் அலமாரியின் பின்வரிசையிலிருந்துதான் எடுக்கிறேன்.

சூட்சுமம் முழுக்கக் குளிர்வித்தலில்தான். 8-லிருந்து 10 டிகிரி என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் புதுச்சேரி மே மாதத்துக்கு அது எப்படி? பாட்டில் அறையிலேயே 32 டிகிரியில் இருக்கிறது. வெறும் ஐஸ் கட்டிக்குள் சொருகினால் இடையில் காற்றுதான் நிற்கும், பாட்டிலோடு ஒட்டாது. பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கை கல் உப்பு (மரக்காணம் உப்புதான், ஐஸுக்குப் போடவா இது என்று அம்மா முணுமுணுத்தார்). உப்பு சேர்ந்ததும் அந்தத் தண்ணி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். நடுவில் நாலு தடவை பாட்டிலைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன், இருபது நிமிஷத்தில் 8. கிளாஸ் சூட்டுக்கு ஊற்றும்போதே 10 ஆகிவிடும், அதனால் 8-லேயே எடுத்துவிட வேண்டும். கிளாஸில் மூணு விரல் அளவுக்கு மேல் ஊற்றவே கூடாது. நம்ம ஊர்க் காற்றில் கால் மணி நேரம் நின்றால் 16-ஐத் தாண்டிவிடும், புளிப்பு மழுங்கி ஆல்கஹால் தூக்கும்.

மீனைக் கடலூர் முதுநகரிலிருந்து மச்சான் கொண்டுவந்தார். மிளகாய்த்தூளை நான் தொடவில்லை. மிளகு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு, கடலை எண்ணெய். இறக்கியதும் எலுமிச்சை. அந்தப் புளிப்பு முக்கியம். சாப்பாட்டில் புளிப்பு இருந்தால் ஒயினின் புளிப்பு அடங்கிப் பழ வாசனை மேலே வரும்.

முதல் வாயில் வெட்டின புல், பச்சைக் குடைமிளகாய். அது மனப்பிரமை இல்லை, குடைமிளகாயில் இருக்கும் அதே பைரசின் வகை வாசனைப் பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பின்னாலேயே கொய்யா. மீனைக் கடித்துவிட்டு ஒரு மிடறு குடித்தால் எண்ணெய்ப் பிசுக்கு நாக்கிலிருந்து துடைத்தாற்போல் போகிறது. மச்சான் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, மோர் மாதிரி புளிக்குது" என்றார். ஆனால் மூணாவது மீனுக்குப் பிறகு கிளாஸை அவரே நீட்டினார். புதுச்சேரி எல்லை தாண்டி பாட்டிலோடு போனால் சோதனைச் சாவடியில் யார் பதில் சொல்வது? அதனால் ராத்திரி இங்கேயே தங்கிவிட்டார்.

காலி பாட்டிலின் கழுத்தில் தேதி எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்தது தேங்காய்ப்பால் மீன் குழம்பு, புளி இல்லாமல், எலுமிச்சை மட்டும் விட்டு. அதற்கு இது தாங்குமா, கொஞ்சம் கனமான ஷார்டொனே என்ற இன்னொரு வெள்ளை ஒயினா என்று இன்னும் முடிவாகவில்லை. பிரான்ஸில் லுவார் ஆற்றுக் கரையில் சோவின்யோன் ப்ளாங்குக்கு ஆட்டுப்பால் சீஸ்தான் ஜோடி. ஆரோவில் பக்கம் போகும்போது ஆட்டுப்பால் சீஸ் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ஐஸ் வாளி வாங்கணும், பாத்ரூம் வாளியைத் திருப்பிக் கேட்கிறார்கள்.