பழைய பேப்பர் கடையில் எது விலை போகும்?

பிளாஸ்டிக் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் 1 முதல் 7 வரை ஏதோ ஒரு எண்ணும் இருக்கும். அது இருந்தாலே மறுசுழற்சி ஆகிவிடும் என்று நிறைய பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1988-ல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து கொண்டுவந்த எண் அது, எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். அந்த டப்பா மறுபடி உருகப்போகிறதா, குப்பைக் கிடங்குக்குப் போகிறதா என்பதை நம் ஊரில் முடிவு செய்கிறவர் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர். அவர் தராசில் ஏற்றினால் அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் வீட்டில் பிரித்துவைக்க ஆரம்பிக்கிறவர்கள் கலர் கலராகக் கூடை வாங்குவதற்கு முன்னால் அவரிடம் போய் ஒரு தடவை பேசிவிடுங்கள். இங்கே மதுரையில் எங்கள் பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், ஷாம்பூ பாட்டில், உடைந்த பக்கெட், விரிசல் விட்ட குடம், பால் கவர் எல்லாம் எடுத்துக்கொள்கிறார். தெர்மாகோல் என்றால் வாசலிலேயே கையை ஆட்டிவிடுவார். இடத்தை அடைக்கும், எடை நிற்காது, அவர் என்ன செய்வார் பாவம், அதில் முக்கால்வாசிக்கு மேல் காற்றுதானே.

பால் கவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் தடை என்று வந்தபோதும் பால் கவருக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், ஆக தினமும் காலையில் தவறாமல் வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக் அதுதான். நல்ல பிளாஸ்டிக்கும்கூட, கடையில் மறுக்க மாட்டார்கள். மூலையைக் கத்தரிக்கும்போது முழுசாக வெட்டி எடுக்காமல் ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி விடுங்கள். அந்தத் துணுக்கு தனியாக விழுந்துவிட்டால் யாரும் பொறுக்க மாட்டார்கள், நேராகச் சாக்கடைதான். காலிக் கவரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். கழுவாமல் சேர்த்துவைத்தால் இரண்டு நாளில் வீடே புளிச்ச வாடை அடிக்கும், எறும்பு வேறு.

பிரிப்பது என்றால் பிளாஸ்டிக்கை வகைவகையாக அடுக்குவது என்று நினைக்க வேண்டாம். அந்த வேலையைக் கடைக்காரர் நம்மைவிட நன்றாகச் செய்வார், தட்டிப் பார்த்து சத்தத்திலேயே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வேலை பிளாஸ்டிக்கில் சோறும் குழம்பும் படாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். சாம்பார் ஊறின டப்பாவை ஒருவரும் வாங்க மாட்டார்கள். "நாம பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க" என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். சில நாள் அப்படி நடக்கத்தான் செய்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் காய்ந்த பிளாஸ்டிக்கை வண்டியில் போடவே வேண்டியதில்லையே, ஒரு சாக்கில் சேர்த்து நேராகக் கடைக்குக் கொண்டுபோகலாம். கலந்து கொடுத்தால் தூய்மைப் பணியாளர்தான் அந்த அழுகலுக்குள் கையை விட வேண்டும். அதையும் மீறிக் கிடங்குக்குப் போவது என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தபோது பார்த்தோம். அடியில் காற்றில்லாமல் அழுகும் குப்பை மீத்தேனை விடும், மேலே பிளாஸ்டிக் எரியக் காத்திருக்கும்.

சால்னா கவர் தனிப் பிரச்சினை. அந்த எண்ணெயைக் கழுவ ஆகிற சோப்பும் தண்ணீரும் கவரின் மதிப்பைவிட அதிகம். புரோட்டா வாங்கப் போகும்போது தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவது உத்தமம், கடையிலும் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுகிறார்கள்.

தண்ணீர் பாட்டிலையும் மூடியையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். ஆலையில் துண்டு துண்டாக நொறுக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும், பிரிந்துவிடும். வீட்டில் ஒரு டம்ளரில் போட்டே இதைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பைப்பில் வருகிற பிவிசி பிளாஸ்டிக்தான் வில்லங்கம், அதுவும் பாட்டிலோடு சேர்ந்து மூழ்கிவிடும், இப்படிப் பிரியாது.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பூ சாஷே இதெல்லாம் கடைக்காரர் கண்ணில் குப்பை. பல அடுக்கை ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள், சிலவற்றில் உள்ளே மின்னுவது பிளாஸ்டிக் படலத்தின் மேல் படியவைத்த அலுமினியம், பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. சேகரித்தாலும் பெரும்பாலும் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகும், அதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதுபோன்ற கவர்களுக்கு எங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் ரோடு போடுவதில் ஒரு வழி கண்டுபிடித்தார். சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் உருகிக் கல்லின் மேல் பூச்சாகப் படிந்துவிடும், அப்புறம் தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் ரோட்டுக்கும் யாராவது சேகரித்துக் கொடுத்தால்தானே? எடைக்குக் காசு வராத பொருளை யார் குனிந்து பொறுக்குவார்கள்?

நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசைத் தருவது என்று ஆரம்பித்தார்கள். குடித்துவிட்டுக் காட்டில் வீசிக்கொண்டிருந்தவர்கள் பாட்டிலோடு வரிசையில் வந்து நின்றார்கள், வீசியதைப் பொறுக்கிக் கொண்டுவரவும் ஆள் வந்தது. சிப்ஸ் பாக்கெட்டுக்கும் சாஷேக்கும் ஒரு ரூபாய் வைத்தால் போதும் என்று நினைக்கிறேன். 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு கம்பெனிக்காரர்களுக்கும் உண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. நான் பால் கவரைக் கழுவுகிறேன், அவர்கள் பங்கை அவர்கள் எப்போது எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள்?