பாட்டையா கல்யாணத்துக்கு மாலை வந்த கோயில்

அப்பச்சியின் (அப்பாவின்) சாந்திக்கு, அதாவது வயது நிறைவுக் கல்யாணத்துக்கு, முன்னால் பாட்டையா கல்யாணத்துக்கு எந்தெந்தக் கோயில் மாலை வந்தது என்று தெரிந்துகொண்டு, அங்கே ஒரு அபிஷேகம் செய்துவிட வேண்டும் என்பது அப்பத்தாவின் நெடுநாள் வேண்டுதல். சொல்லாத நாளில்லை. நாங்கள் நகரத்தார். எங்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது; கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் கோயில், பெண் வீட்டுக் கோயில் இரண்டிலிருந்தும் மாலை வரும்.

பாட்டையா, அதாவது அப்பச்சியின் ஐயா (தாத்தா), பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். பெட்டியடிப் பையனாக (கடையில் தொழில் பழகும் கடைநிலை ஆளாக) இரங்கூன் போய், கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்து, மறுபடியும் கப்பலேறி, 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர் திரும்பினார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் இரணியூர்க் கோயில். பாட்டையாவின் மனைவியான பாட்டி பிறந்த வீட்டுக் கோயில் எது என்பதில்தான் குழப்பம். உறவில் பாதிப் பேர் பிள்ளையார்பட்டி என்றே சொல்லி வந்தார்கள். அது எப்படி ஒத்துவரும்? இரண்டும் அண்ணன் தம்பிக் கோயில்கள் ஆயிற்றே, கொண்டு கொடுப்பது கிடையாதே! சரி, பெயரை வைத்துத் தேடலாம் என்றால், ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வருகிறது. பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகளான விலாசத்தைப் பார்த்துப் பிரிப்பதற்குள் தலை சுற்றிவிடும்.

கடைசியில் பங்காளி வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு பழைய பெட்டகத்துக்குள் பாட்டையாவின் இசைகுடிமானம், அதாவது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் கல்யாணப் பத்திரம், கிடைத்தது. மூலைகளில் தடவிய மஞ்சள் பழுப்பேறிப் போயிருந்தது. மடிப்புகளில் பூச்சி அரித்திருந்தும் எழுத்து பிழைத்திருந்தது. பிரபவ வருஷம், வைகாசி மாதம். அதாவது 1927. பெண் வீட்டார் வைரவன்பட்டி! அதைக் கேட்டதும்தான் அப்பத்தாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் மாமியார் குமரியாக இருந்தபோது வரன் அமைய பிள்ளையார்பட்டி கார்த்தியாயினி அம்மனை வேண்டிக்கொண்டாராம். வேண்டியது பலித்ததால் காலமெல்லாம் சதுர்த்திக்கு அங்கே போய்வந்தாராம். பாட்டியின் பக்தியே உறவுக்காரர்கள் வாயில் பாட்டியின் கோயிலாக மாறியிருக்கிறது.

இரணியூருக்குப் போகிற வழியில் இன்னொரு பெரிய கோயிலிலும் இறங்கினோம். அங்கே பட்ட பாடு வேண்டாம். வண்டி நிற்பதற்குள் அர்ச்சனைத் தட்டைக் கையில் திணிக்கிறார்கள். "இருநூறு கொடுங்க, வரிசையில்லாம கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் அப்பத்தாவின் கையையே பிடித்து இழுத்தார். முழங்கால் வலியோடு வெயிலில் நிற்கிற வயதானவர்களிடம் இப்படியா நடந்துகொள்வது? சாமி பெயரைச் சொல்லிச் செய்வதால்தான் கூடுதலாக வலிக்கிறது.

இரணியூரில் அப்படி ஒரு தள்ளுமுள்ளும் இல்லை. இரணியனை வதைத்த நரசிம்மர் வந்து வழிபட்ட தலம். ஆட்கொண்டநாதருக்கு அபிஷேகம் முடிந்து, தூண்களில் நிற்கிற நவதுர்க்கைகளையும் அஷ்டலட்சுமிகளையும் கும்பிட்டபடி சிவபுரந்தேவி சந்நிதிக்கு வந்தோம். குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். அப்பச்சி தன் பெயரைச் சொன்னார். "இது உங்களுக்கு. உங்க ஐயாவுக்கும் அர்ச்சனை பண்ணணும்னீங்களே, அவுக பேர்?" என்றார் குருக்கள். "அவுகளுக்கும் அதே பேர்தான்" என்ற அப்பச்சிக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. குருக்கள் அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லி அர்ச்சித்தார். இசைகுடிமானத்தை வாங்கி அம்மன் பாதத்தில் வைத்து, குங்குமத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

அப்பத்தா அழுதுகொண்டே இருந்தார். துடைக்கவும் இல்லை. எனக்கு மந்திரம், விளக்கு எதுவும் மனதில் பதியவில்லை. இங்கிருந்து போன மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதானே பாட்டையா புள்ளியானார், கோயில் கணக்கில் ஒரு குடும்பமானார்! கடல் கடந்து போனவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியவளும் இவள்தானே! தாயே, நீ கொடுத்த குடும்பம்தான் உன் முன்னால் நிற்கிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே வைரவன்பட்டிக்கும் போனோம். தேய்பிறை அஷ்டமி, நல்ல கூட்டம். வளரொளிநாதரையும் வடிவுடையம்மையையும் சேவித்துவிட்டு வைரவர் சந்நிதி வரிசையில் நின்றோம். "உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுல நல்லா வாழ்ந்தாக, சாமி" என்று அப்பத்தா வாய்விட்டே சொன்னார். சாந்திப் பத்திரிகையை முதலில் இந்த இரண்டு கோயில்களிலும் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பது என்று அப்பச்சி அங்கேயே முடிவு செய்துவிட்டார்.